அக்கோயா என்று வந்த முத்துச் செட்: ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆடியில் என் சித்தி மகள் ஒரு நீல வெல்வெட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆவணியில் அவள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். வெளிர் ரோஜா நிறப் பட்டுக்கு முத்து போட்டால்தான் எடுக்கும் என்று பெண் சொல்லியிருக்கிறாள். அம்மா இரண்டு ராத்திரி போனில் தேடி, ஜப்பான் அக்கோயா (ஒரு வகைக் கடல் முத்து) என்று போட்டிருந்த, ஒரு சரமும் ஒரு ஜோடித் தோடும் சேர்ந்த செட்டை 9,800 ரூபாய்க்கு வாங்கிவிட்டாள். "அக்கா, இது ஒரிஜினல்தானே? பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

நான் நகைக்கடையில் முத்துப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். முத்தை அளவுவாரியாகப் பிரிப்பது, ஜோடி சேர்ப்பது, பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோர்ப்பது, இதுதான் என் வேலை. ரத்தினவியல் படித்தவள் இல்லை. அதனால் கண்ணால் பார்த்துச் சொன்னதை ஒரு பரிசோதனைக்கூடத்திலும் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன். இந்த ஒரு டப்பாவுக்குள் ஆன்லைனில் முத்து வாங்குகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் பல இருந்தன. அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன்.

அவள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். முத்து விஷயத்தில் "ஒரிஜினலா?" என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். அந்த டப்பாவில் இருந்த சரம் உண்மையான முத்து. தோட்டில் இருந்தது முத்தே இல்லை. இரண்டில் எதுவும் அக்கோயா இல்லை. விற்றவரோ "ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வாதாடினார். எந்தச் சிப்பி, எந்தத் தண்ணீர், உள்ளே கரு (முத்து வளர நடுவில் வைக்கும் உருண்டை) உண்டா என்று மூன்றையும் கேட்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே விஷயம் வெளியே வந்திருக்கும்.

விற்பனைப் பக்கத்தில் இருந்தது

அவள் போனில் அந்தப் பக்கம் இன்னும் திறந்தது. வரிவரியாகப் படித்தேன். தலைப்பில் "ஜப்பான் அக்கோயா பேர்ல் செட், ஏஏஏ தரம், 100% ஒரிஜினல்". கீழே விவரக் குறிப்பில் அதுவே "அக்கோயா ஃபினிஷ்" ஆகிவிட்டது. பொருள் என்ற இடத்தில் வெறும் "பேர்ல்". அளவு 7 மி.மீ. தயாரிப்பு நாடு சீனா. எடை போடவில்லை. நன்னீரா, கடலா என்ற பேச்சே இல்லை. வளர்ப்பு முத்து என்ற சொல்லும் எங்கேயும் இல்லை.

அக்கோயா என்பது ஒரு சிப்பிக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர். சிப்பிக்கு ஃபினிஷ் கிடையாது. "ஃபினிஷ்", "ஸ்டைல்", "லுக்" என்று வகைப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வகை அங்கே இல்லை என்று விற்பவரே எழுதிக் கொடுத்த மாதிரி. சீனா என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து அக்கோயா இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. தென்சீனக் கடற்கரையிலும் அக்கோயா வளர்க்கிறார்கள். ஆனால் மேலே ஜப்பான், கீழே சீனா என்று இருந்தால் இரண்டில் ஒன்று பொய்தானே?

ஏஏஏ பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்துக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஏ, ஏஏ, ஏஏஏ தரவரிசை எதுவும் இல்லை. ஒவ்வொரு விற்பனையாளரும் தன் சரக்குக்குத் தானே போட்டுக்கொள்ளும் எழுத்து அது. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ அளவு, வடிவம், நிறம், பளபளப்பு, மேற்பரப்பு, முத்துப்படலம் (சிப்பி பூசும் பளபளப்பான அடுக்கு), பொருத்தம் என்று ஏழு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. இந்த ஏழில் அளவு ஒன்றைத் தவிர வேறு எதையும் இந்தப் பக்கம் சொல்லவில்லை.

படங்கள் ஆறு. எல்லாம் ஸ்டூடியோ வெளிச்சத்தில், கருப்பு வெல்வெட்டின் மேல், பின்னணி மங்கலாக. துளையைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அந்த முதல் படத்தைப் போட்டுப் படத்தேடல் செய்தோம். அதே படம் வேறு இரண்டு கடைகளில் "ஸவுத் ஸீ பேர்ல்" என்ற பெயரில் தொங்கியது. அப்புறம் கருத்துகள் பகுதிக்குப் போனோம். வாங்கிய ஒருத்தர் தன் வீட்டு ஜன்னலோரம் வைத்து எடுத்த படம் ஒன்று போட்டிருந்தார். ஆறு ஸ்டூடியோ படங்களும் சொல்லாததை அந்த ஒரு படம் சொன்னது. சரத்தில் சில மணிகள் லேசாக நீண்டிருந்தன. ஒரு மணியின் இடுப்பில் மெல்லிய வளையம் ஓடியது. ஜன்னலின் பிம்பம் மணியின் மேல் கரையில்லாத வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தது. நல்ல அக்கோயாவாக இருந்தால் ஜன்னலின் சட்டமும் கம்பியும்கூடத் தெரியும்.

வகை தெரிந்தால்தான் கண்ணுக்கு வேலை

அக்கோயாவில் அந்தக் கண்ணாடி மாதிரியான பளபளப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு சிப்பிக்குள், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மட்டி ஓட்டில் கடைந்த உருண்டையை வைக்கிறார்கள். அதுதான் கரு. கூடவே இன்னொரு சிப்பியிலிருந்து வெட்டிய சின்னத் திசுத் துண்டு. சிப்பி அந்தக் கருவைச் சுற்றி முத்துப்படலத்தைப் பூசுகிறது. குளிர்காலத்தில் தண்ணீர் குளிரும்போது படலம் மெல்லப் படியும், நெருக்கமாகப் படியும். அறுவடையும் அப்போதுதான். கரு உருண்டையாக இருப்பதால் முத்தும் உருண்டை. படலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 6 முதல் 8 மி.மீ. வரைதான் சந்தையில் அதிகம் புழங்கும். மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் ஜப்பானில் அரைவட்ட முத்தை வளர்த்தெடுத்ததும் இந்தச் சிப்பியில்தான்.

இதில் நமக்கு ஒரு உறவு இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியும் அக்கோயாச் சிப்பியும் ஒரே குடும்பம். உயிரியலாளர்கள் பிரித்துப் பெயர் வைக்கவே திணறும் அளவுக்கு நெருக்கம். தூத்துக்குடி முத்துப்பார்களில் (கடலடியில் சிப்பி விளையும் திட்டுகளில்) கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டியது. எங்கள் ஆச்சியின் மூக்குத்தியில் மிளகு அளவுக்கு ஒரு முத்து உண்டு. குளிப்பு நடந்த காலத்தில் வாங்கியது. கருவே வைக்காத இயற்கை முத்து, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பளபளப்புக்கு என் கண்ணில் அதுதான் அளவுகோல். எந்தச் சரம் வந்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

நன்னீர் முத்து வேறு கதை. சீனாவில் ஏரி குளங்களில், முக்கோண வடிவ மட்டியில் வளர்ப்பது. சேஜியாங் மாகாணத்து ஜூஜி நகரம் இதற்குப் பேர்போனது. இங்கே பெரும்பாலும் கரு வைப்பதில்லை, திசுத் துண்டு மட்டும்தான். ஒரு மட்டியில் இருபது முப்பது முத்து ஒரே நேரத்தில் விளையும். அக்கோயாச் சிப்பியில் ஒன்றிரண்டு விளைவதே சாதாரணம். விலை வித்தியாசத்தின் பெரிய காரணம் இதுதான். கரு இல்லாததால் நன்னீர் முத்து உள்ளேயிருந்து வெளிவரை முழுக்கப் படலம். அதனால் உறுதி அதிகம், தேய்ந்தாலும் உள்ளே வேறு எதுவும் வெளியே தெரியாது. அதே காரணத்தால் கச்சிதமான உருண்டை அமைவது குறைவு. அரிசி, உருளை, பொத்தான், வளையம் விழுந்தது என்று பல வடிவம். பளபளப்பு மென்மையாக இருக்கும். இதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தினமும் போட்டுக்கொள்ள நன்னீர் முத்தைத்தான் நான் யாருக்கும் சொல்வேன். அக்கோயா என்று சொல்லி அக்கோயா விலை வாங்குவதுதான் குற்றம்.

ஹைதராபாத் முத்து என்று நாம் சொல்வதும் இங்கே வந்துவிடுகிறது. அந்த ஊருக்குக் கடல் இல்லை. வெளியிலிருந்து வரும் முத்தைத் துளையிட்டு, வெளுத்து, பிரித்து, கோர்த்துக் கொடுப்பதில் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். இன்று அங்கே வரும் சரக்கில் பெரும்பகுதி சீன நன்னீர் முத்து. ஊர்ப்பெயர் வேலைப்பாட்டைச் சொல்லுமே தவிர முத்தின் வகையைச் சொல்லாது.

ஸவுத் ஸீ, தாஹிதி இரண்டையும் அளவை வைத்தே முக்கால்வாசி வடிகட்டிவிடலாம். ஸவுத் ஸீ ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் பெரிய சிப்பியில் விளைவது. 9 மி.மீ.க்கு மேல்தான் பெரும்பாலும் கிடைக்கும். வெள்ளை, வெள்ளி, இயற்கையான பொன்னிறம். தாஹிதி என்பது பிரெஞ்சு பாலினீசியாவின் கருஉதட்டுச் சிப்பி. 8 மி.மீ.க்கு மேல், கருப்புக்குள் பச்சையும் மயில்கழுத்து நிறமும் ஊதாவும் ஓடும். 6 மி.மீ. அளவில், மை மாதிரி ஒரே கருப்பில் முழுச் சரம் "தாஹிதி" என்று வந்தால் அது சாயம் ஏற்றிய நன்னீர் முத்தாகத்தான் இருக்கும். துளை ஓரத்தில் சாயம் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

ஜாதகம் பார்த்து முத்து மோதிரம் வாங்குகிறவர்களுக்கு "பாஸ்ரா முத்து" என்று ஆயிரம் ரெண்டாயிரத்துக்குக் காட்டுகிறார்கள். பாஸ்ரா என்றால் பாரசீக வளைகுடாவின் இயற்கை முத்து. எக்ஸ்ரே எடுத்த அறிக்கை இல்லாமல் அந்தப் பெயரில் எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாகப் போலிகள். பிளாஸ்டிக், கண்ணாடி, பஞ்சை அழுத்திச் செய்யும் "காட்டன் பேர்ல்" எல்லாம் ஓரளவு தெரிந்தவை. மாட்டிவிடுவது "ஷெல் பேர்ல்". சிப்பி ஓட்டைக் கடைந்தோ அரைத்தோ செய்த உருண்டையின் மேல் முத்து நிறப் பூச்சு. சிப்பிக்குள் வளர்ந்ததே இல்லை. ஆனால் பெயரில் ஷெல்லும் இருக்கிறது, பேர்லும் இருக்கிறது. வாங்குகிறவர் சிப்பி முத்து என்றே படித்துக்கொள்கிறார்.

டப்பாவைத் திறந்தபின்

முதலில் எடை. 7 மி.மீ. முத்து ஒன்று ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். 16 அங்குலச் சரத்தில் 57 மணி இருந்தன. சமையலறைத் தராசு 26 கிராமுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. பிளாஸ்டிக்காக இருந்தால் இதில் பாதிகூட வராது. ஆக, பிளாஸ்டிக் இல்லை. எடை இதற்கு மேல் உதவாது. கண்ணாடியும் சிப்பி ஓடும் ஏறக்குறைய முத்தின் எடைக்கே வந்து நிற்கும்.

அடுத்து, சரத்தின் இரண்டு மணிகளை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்தேன். மணல் உரசுவது போல நறநறவென்றது. லேசாக வெள்ளைத் தூள் வந்தது, துடைத்ததும் போய்விட்டது. எல்லோரும் சொல்லும் பல் சோதனையும் இதே விஷயம்தான். முத்துப்படலம் நுண்ணிய தகடுகள் அடுக்கியது, அதனால் வழவழப்பாக இருக்காது. இது முத்தா போலியா என்று சொல்லும். நன்னீரா, கடலா, அக்கோயாவா என்று ஒருநாளும் சொல்லாது. விற்றவரின் வாதம் பின்னால் நின்றது இந்த ஓட்டையில்தான்.

தோட்டு மணி இரண்டையும் அதே போலத் தேய்த்தேன். வழுக்கியது. 8 மி.மீ. மணி, ஒரு புள்ளி, ஒரு சுருக்கம் இல்லை. இரண்டும் ஒரே அச்சில் எடுத்தது போல ஒரே இளஞ்சிவப்பு. தண்டிலிருந்து ஒன்றைக் கழற்றி, பத்து மடங்கு லென்ஸில் துளை வாயைப் பார்த்தேன். நகப்பூச்சு உரிவது போல ஓரத்தில் மேல்பூச்சு தூக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மங்கிய வெள்ளை உருண்டை. ஷெல் பேர்ல் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சரத்தின் துளைகளைப் பார்க்கத்தான் நேரம் எடுத்தது. இரண்டு மணிக்கு நடுவே முடிச்சு இல்லை. அதனால் தள்ளி வைத்துப் பார்க்க முடிந்தது, ஆனால் உரசி உரசித் துளை வாய்கள் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருந்தன. நல்ல சரத்தை முடிச்சில்லாமல் கோர்ப்பதில்லை. அறுந்தால் எல்லாம் சிதறும் என்பது ஒரு காரணம், இந்தத் தேய்மானம் இன்னொன்று. அக்கோயாவாக இருந்தால் துளைக்குள் மேல்படலம் முடிந்து கரு தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும், பல நேரம் பழுப்பாக. பத்துப் பன்னிரண்டு மணியில் தேடினேன். கோடே இல்லை. வாயிலிருந்து உள்ளேவரை ஒரே பொருள். போன் டார்ச்சைப் பின்னால் பிடித்து உருட்டினேன். படலம் மெலிந்த அக்கோயாவில் கருவின் வரிகள் நிழலாகத் தெரியும், உருட்டும்போது கண் சிமிட்டுவது போல மின்னும். இதில் அதுவும் இல்லை. வெள்ளைத் துணியில் சரத்தைப் போட்டு உள்ளங்கையால் உருட்டியபோது இங்கொன்றும் அங்கொன்றுமாக மணிகள் தள்ளாடின. ஆச்சி மூக்குத்தியைப் பக்கத்தில் வைத்தேன். மிளகு அளவு முத்தில் என் மேசை விளக்கு கூர்மையாகத் தெரிந்தது. சரத்தில் அது பால் கலந்த மாதிரி பரவியது.

"நன்னீர் முத்து. நல்ல முத்துதான், ஆனா இவன் சொன்ன முத்து இல்ல" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. விலையைவிட, சம்பந்திவீட்டுக்காரர்களிடம் ஏற்கெனவே ஜப்பான் முத்து என்று சொல்லிவிட்டாளாம்.

பரிசோதனைக்கூட அறிக்கை நாலு நாளில் வந்தது. எக்ஸ்ரேயில் சரத்து மணிகளுக்குள் கரு இல்லை, நடுவில் சின்ன ஒழுங்கற்ற வெற்றிடம் மட்டும். தனிமங்களைப் பார்த்ததில் மாங்கனீசு தூக்கலாக இருந்தது. நன்னீரில் வளர்ந்ததற்கு அது அடையாளம். கடல் முத்தாக இருந்தால் மாங்கனீசு அடங்கி ஸ்ட்ரான்சியம் தூக்கலாக இருக்கும். முடிவு: நன்னீர் வளர்ப்பு முத்து. தோடு: போலி முத்து, பூச்சுள்ள உருண்டை. டப்பாவோடு விற்றவர் ஒரு "ஒரிஜினாலிட்டி சர்ட்டிஃபிகேட்" வைத்திருந்தார். அதில் பரிசோதனைக்கூடத்தின் பெயர் இல்லை, எடை இல்லை, படம் இல்லை, எந்த முறையில் பார்த்தார்கள் என்றும் இல்லை. தங்க நிற முத்திரை மட்டும் இருந்தது.

புகார்

அவள் முதலில் "முத்து ஒரிஜினல் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். உடனே பதில் வந்தது: பல்லில் தேய்த்துப் பாருங்கள், எங்கள் முத்து 100% ஒரிஜினல். திருப்பி எடுக்க மாட்டோம். சரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதனால் புகாரைத் திருப்பி எழுதினோம். தலைப்பில் சொன்ன வகை அக்கோயா, வந்த வகை நன்னீர், தோடு முத்தே இல்லை, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது.

பில்லை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்று கிடைத்தது. ஜிஎஸ்டி பில்லில் எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) 7117 என்று இருந்தது. அது போலி நகைக்கு உரிய எண். இயற்கை முத்து, வளர்ப்பு முத்து என்றால் 7101, அவற்றால் செய்த மாலை என்றால் 7116. நம்மிடம் ஜப்பான் அக்கோயா என்று சொன்னவர், வரிக்கணக்கில் போலி நகை என்று காட்டியிருக்கிறார். பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், அறிக்கை மூன்றையும் சேர்த்துத் தளத்துக்கு அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தோம். மூன்றாவது வாரம் முழுப் பணமும் திரும்பி வந்தது. பரிசோதனைக் கட்டணம் கைநஷ்டம்.

இரண்டாவது சரம்

நிச்சயதார்த்தத்துக்கு அப்போது இன்னும் பத்து நாள் இருந்தது. ஓரளவு தரமான 7 மி.மீ. அக்கோயாச் சரம் என்றால் பல பத்தாயிரம் ஆகும் என்று சொன்னேன். பெண் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நன்னீரே போதும் பெரியம்மா. ஆனா நன்னீர்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட வாங்கலாம்" என்றாள்.

இந்த முறை அவளே தேடினாள். "நன்னீர் வளர்ப்பு முத்து, கரு இல்லாதது, 6.5–7 மி.மீ., கிட்டத்தட்ட உருண்டை, வெளுக்கப்பட்டது" என்று எழுதியிருந்த ஒரு கடை கிடைத்தது. வெளுத்ததையும் சொல்லியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. செய்தி அனுப்பி நாலு கேட்டாள்: சரத்தின் எடை எவ்வளவு, பில்லில் என்ன எச்எஸ்என் வரும், துளையை நெருக்கமாக ஒரு படம், ஃபில்டர் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி ஒரு வீடியோ. அன்று சாயங்காலமே எல்லாம் வந்தன. வீடியோவில் நாலாவது மணியில் இருந்த வளையத்தைக் கடைக்காரரே விரலால் காட்டினார். 5,600 ரூபாய். தோட்டுக்கென்று அதே சரக்கில் இரண்டு மணி தனியாக அனுப்பினார்கள், ஆசாரி வெள்ளித் தண்டில் பதித்துக் கொடுத்தார்.

சரத்தைப் பிரித்து, பட்டு நூலில் மணிக்கு மணி முடிச்சுப் போட்டு நானே மறுபடி கோர்த்தேன். வளையம் விழுந்த மணியைக் கொக்கிக்குப் பக்கத்தில், கூந்தல் மறைக்கும் இடத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். கடையில் அப்படித்தான் பழக்கம். அவள் வந்து பார்த்துவிட்டு அந்த மணியைக் கையில் எடுத்தாள். "இத முன்னாடியே போடுங்க பெரியம்மா" என்றாள். நடுமணிக்குப் பக்கத்தில் அதைக் கோர்த்துக் கொடுத்தேன்.